மின்சாரக் காருக்கு எந்த கிரெடிட் கார்டு? முதலில் ஈ.பி. பில்லைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இருக்கிறீர்கள். பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு 46 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் கார் எடுக்கப்போகிறீர்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னை போய்வருவீர்கள். கையில் பி.பி.சி.எல். (பாரத் பெட்ரோலியம்) எஸ்.பி.ஐ. கார்டு இருக்கிறது. சார்ஜ் போடுவது எரிபொருள் கணக்கில் வருமா, வராது என்றால் எந்த கார்டு வாங்குவது, ஷோரூமில் முன்பணத்தைக் கார்டில் தேய்த்துப் பாயின்ட் சேர்க்கலாமா என்று மூன்று கேள்விகள்.

மூன்றுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுவிடலாம். கார்டு விஷயத்தில் நாம் எவ்வளவு பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினால் வீண் அலைச்சல்தான் மிஞ்சும்.

வருடம் 12,000 கிலோமீட்டர். பெட்ரோல் காரில் லிட்டருக்கு 15 என்று வைத்தால் 800 லிட்டர். லிட்டர் 100 ரூபாயை ஒட்டி இருப்பதால் வருடத்துக்குச் சுமார் 80,000 ரூபாய். உங்கள் பி.பி.சி.எல். கார்டு அந்த நிறுவனத்தின் பங்க்கில் 100 ரூபாய்க்கு 13 பாயின்ட் தருகிறது, நான்கு பாயின்ட் ஒரு ரூபாய். ஆக 3.25 சதவீதம், வருடத்துக்கு 2,600 ரூபாய். விளம்பரத்தில் 4.25 என்று போட்டிருப்பார்கள். கூடுதலாக வரும் அந்த ஒரு சதவீதம், பங்க்கில் கார்டு தேய்ப்பதற்காகப் பிடிக்கும் சர்சார்ஜைத் தள்ளுபடி செய்வது. அது உங்களுக்கு வரும் பணம் இல்லை, போகாமல் தடுக்கும் பணம்.

இப்போது மின்சாரக் கார். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்து, சார்ஜ் ஏறும்போது வீணாகும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் வருடத்துக்குச் சுமார் 1,900 யூனிட். சென்னைப் பயணங்களில் வெளியே போடுவது 400 யூனிட் இருக்கும், மீதி 1,500 யூனிட்டும் வீட்டில். வெளியில் அதிவேக சார்ஜரில் வரியோடு யூனிட் 22 ரூபாய் என்று வைத்தால் 8,800 ரூபாய். வீட்டில் ஏறத்தாழ 13,500 ரூபாய் (இந்த எண் எப்படி வந்தது என்று கீழே சொல்கிறேன்). மொத்தம் 22,000 ரூபாயைச் சுற்றி.

செலவே கால்வாசியாகக் குறைந்துவிட்டது, அதனால் அதன்மேல் கிடைக்கும் பாயின்ட்டும் குறையத்தான் செய்யும். வெளியில் போடும் 8,800 ரூபாய்க்கு ஐந்து சதவீதம் கொடுக்கிற கார்டு ஒன்று கிடைத்தால்கூட வருடம் 440 ரூபாய். அதற்காக 499 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் கட்டிப் புதுக் கார்டு வாங்குவதில் அர்த்தமே இல்லை. "சார்ஜிங்குக்கு எது பெஸ்ட் கார்டு" என்று தேடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்களைப் போல வீட்டில் சார்ஜ் போடுகிறவருக்குப் பணம் சார்ஜரில் இல்லை. ஈ.பி. பில்லிலும் இன்ஷூரன்ஸிலும் டயரிலும் இருக்கிறது. தினமும் வெளியில்தான் சார்ஜ் போட்டாக வேண்டும் என்கிற நிலையில் அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கும் டாக்சி ஓட்டுகிறவருக்கும் மட்டுமே சார்ஜர் கணக்கு பெரிதாகும்.

சரி, முதல் கேள்வி. சார்ஜிங் எரிபொருளா?

நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. பணம் வாங்கியவர் எந்த வகை வியாபாரியாகப் பதிவு செய்திருக்கிறார் என்பது மட்டுமே தெரியும். அதற்கு எம்.சி.சி. என்ற நான்கு இலக்க எண் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் பங்க்குக்கு 5541, தானியங்கி பம்ப்புக்கு 5542, மின்சாரம், தண்ணீர் போன்ற சேவைகளுக்கு 4900, வாலட்டில் பணம் ஏற்றுவதற்கு 6540. மின்வாகன சார்ஜிங்குக்கென்றே 5552 என்று தனி எண் உண்டு. ஆக, விதிப்படி சார்ஜிங் பெட்ரோல் இல்லை. உங்கள் பி.பி.சி.எல். கார்டின் 13 பாயின்ட் சார்ஜிங்குக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் நடைமுறை இந்த அளவுக்குச் சுத்தமாக இருப்பதில்லை. சென்னை, திருச்சி, மதுரை நெடுஞ்சாலையில் 2022இல் பி.பி.சி.எல். தன் பங்க்குகளிலேயே அதிவேக சார்ஜர்களை வைத்தது. அங்கே கார் நிற்பது பங்க்கில்தான், ஆனால் பணம் போவது பெரும்பாலும் ஆப் வழியாக. ஆப்பில் கட்டினால் அந்த ஆப்பின் பணப் பரிவர்த்தனையைக் கையாளும் நிறுவனம் எந்த எண்ணில் பதிவு செய்திருக்கிறதோ அதுதான் கணக்கு. அதே இடத்தில் பங்க் ஊழியர் தன் ஸ்வைப் மெஷினை நீட்டினால் 5541 என்று விழும், அதாவது பெட்ரோல். பெட்ரோல் கார்டு வைத்திருப்பவருக்கு அது லாபமாகக்கூட அமையலாம். மற்ற பெரும்பாலான கார்டுகளுக்கு நஷ்டம், ஏனென்றால் அவை எரிபொருளுக்குப் பாயின்ட் தருவதே இல்லை.

கோவையிலிருந்து கிளம்பிய சியான், டாடா பவர், ஸ்டாட்டிக், சார்ஜ்சோன், ஜியோ-பிபி என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் ஆப். எல்லாரும் 5552இல்தான் பதிவு செய்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் ஒரு நிறுவனத்தில் பாயின்ட் கொடுத்த கார்டு அடுத்த நிறுவனத்தில் கொடுக்காமல் போகலாம். இதைக் கண்டுபிடிக்க நேரான வழி, முதலில் நூறு ரூபாய் மட்டும் அந்த ஆப்பில் கட்டிவிட்டு ஸ்டேட்மென்ட்டில் பாயின்ட் ஏறுகிறதா என்று பார்ப்பது. கூடவே உங்கள் கார்டின் நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து, பாயின்ட் கிடையாது என்று சொல்லும் பட்டியலில் 5552 இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது வங்கிகள் பெரும்பாலும் எண்களையே போட்டுவிடுகின்றன.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். யூடியூபில் "மின்கார் சார்ஜிங்குக்கு மூன்று மடங்கு பாயின்ட்" என்று சொல்லும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அமெரிக்கக் கார்டுகளைப் பற்றியவை. அங்கே வெல்ஸ் ஃபார்கோ ஆட்டோகிராஃப், சிட்டி ஸ்ட்ராட்டா பிரீமியர் போன்ற கார்டுகளில் பெட்ரோலுக்கும் சார்ஜிங்குக்கும் ஒரே வகையாக மூன்று பாயின்ட் கொடுக்கிறார்கள். 2023 முதல் சேஸ் ஃப்ரீடம் கார்டின் காலாண்டுச் சலுகையில்கூட சார்ஜிங் வந்திருக்கிறது. இங்கே அந்தப் பழக்கம் இன்னும் பரவவில்லை. அங்கே இருக்கும் உறவினர் சொல்வதை வைத்து இங்கே திட்டம் போடாதீர்கள்.

வாலட் விஷயம்தான் சார்ஜிங்கில் உண்மையான கண்ணி. பல ஆப்கள் சார்ஜ் தொடங்கும் முன் தங்கள் வாலட்டில் பணம் ஏற்றச் சொல்கின்றன. இருபது சதவீதத்திலிருந்து எண்பது வரை ஏற்ற உங்கள் காருக்கு 28 யூனிட், அதாவது 600 ரூபாய் போதும். ஆனால் சாலையில் நிற்கும்போது மனம் கேட்காது, இரண்டாயிரம் ஏற்றிவிடுவோம். அந்த ஏற்றம் வங்கியின் கண்ணில் வாலட் ரீசார்ஜ் என்று பட்டால் பாயின்ட் கிடையாது என்பதோடு கட்டணமும் வரும். எஸ்.பி.ஐ. கார்டு 2025 நவம்பர் 1 முதல் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட வாலட் ஏற்றங்களுக்கு ஒரு சதவீதம் வசூலிக்கிறது. எச்.டி.எஃப்.சி. 2025 ஜூலை முதல், மாதத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம். உங்கள் கையில் இருப்பது எஸ்.பி.ஐ. கார்டு என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஏற்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் ஆயிரத்துக்குள் ஏற்றுங்கள்.

இன்னொன்று. இந்த வாலட்கள் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் வகை. போட்ட பணத்தைத் திரும்ப ரொக்கமாக எடுக்க முடியாது. சார்ஜர் பாதியில் நின்றுபோனாலும் மீதிப் பணம் பொதுவாக வாலட்டுக்குத்தான் திரும்பும், கார்டுக்கு வராது. நான்கு ஆப்களில் ஆளுக்கு முந்நூறு ரூபாய் சிக்கிக்கொண்டால், மூன்று வருடம் நீங்கள் சேர்த்த சார்ஜிங் பாயின்ட்டுக்கு அது சமம். யு.பி.ஐ. மூலம் நேரடியாக, ஓடின யூனிட்டுக்கு மட்டும் கட்டும் வசதி இருக்கும் ஆப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைத்திருந்தால் அந்தப் பணத்தையும் கடனட்டையிலிருந்தே கட்டலாம். ஆனால் பாயின்ட் விலக்குப் பட்டியல் அங்கேயும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது வீட்டுக்கு வருவோம், விஷயம் இங்கேதான் கனமாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் வீட்டில் இப்போது 400 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், பில் 1,200 ரூபாயை ஒட்டி வரும். காரின் 250 யூனிட்டைச் சேர்த்தால் 650. பில் 3,400 ரூபாயை ஒட்டிப் போகும். கூடிய 250 யூனிட்டுக்குக் கூடியது 2,200 ரூபாய், அதாவது யூனிட் 9 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. மேலே 13,500 என்று நான் போட்டது இந்த 9 ரூபாய்க் கணக்குதான்.

ஏன் இவ்வளவு ஏறுகிறது? 500 யூனிட் என்பது ஒரு வாசல். அதற்குள் இருந்தால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு மலிவு விலை உண்டு. 501 ஆனவுடன் அந்தச் சலுகை போய்விடும், பில் ஒரே அடியில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். அதற்கு மேலே போகும் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல், ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். பொது சார்ஜர் 22 ரூபாய் என்பதோடு ஒப்பிட்டால் இதுவும் மலிவுதான். ஆனால் கோடையில் ஏ.சி.யும் சேர்ந்து ஓடும் மாதங்களில் உங்கள் கார் யூனிட்டுகள் எல்லாமே மேல் படியில்தான் விழும். கார்டு தேடும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டால் பலன் அதிகம். மொட்டை மாடி இடம் கொடுத்தால் 3 கிலோவாட் சோலார் போடுவதற்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. பகலில் கார் வீட்டில் நிற்கிறவர்களுக்கு எந்த கார்டும் இதன் பக்கத்தில் வர முடியாது.

அதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், 3,400 ரூபாய் பில்லை எதில் கட்டுவது?

மூன்று கார்டுகளை ஒப்பிட்டுக் காட்டுகிறேன். ஆக்சிஸ் வங்கியின் ஏர்டெல் கார்டு, ஏர்டெல் ஆப் வழியாகக் கட்டும் மின் கட்டணம் போன்றவற்றுக்குப் பத்து சதவீதம் கேஷ்பேக் தருகிறது, மாதத்துக்கு அதிகபட்சம் 250 ரூபாய். அதே வங்கியின் ஏஸ் கார்டு, கூகுள் பே வழியாகக் கட்டினால் ஐந்து சதவீதம், மற்ற சில வகைகளோடு சேர்த்து மாதம் 500 வரை. ஐ.சி.ஐ.சி.ஐ.யின் அமேசான் பே கார்டு, அமேசானில் கட்டினால் இரண்டு சதவீதம், ஆனால் அதற்கு ஆண்டுக் கட்டணமே கிடையாது.

பத்து சதவீதம் என்றால் 340 வரவேண்டும், ஆனால் உச்சவரம்பு 250இல் நிறுத்திவிடும். ஏஸ் கார்டில் 170. அதிலும் 2025 பிப்ரவரியிலிருந்து கூகுள் பே, கார்டில் கட்டும் பில்களுக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கிறது. அதைக் கழித்தால் 130இலிருந்து 150க்குள். அமேசான் பே கார்டில் 68 ரூபாய்.

ஏர்டெல் கார்டுக்கும் ஏஸ் கார்டுக்கும் நடுவே கோடு சரியாக 5,000 ரூபாயில் விழுகிறது. பில் அதற்குக் கீழே என்றால் ஏர்டெல், மேலே என்றால் ஏஸ். ஆப் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கோடு இன்னும் கொஞ்சம் மேலே நகரும். உங்கள் பில்லுக்கு ஏர்டெல் கார்டுதான் பொருந்துகிறது, வருடத்துக்கு ஆறு பில், 1,500 ரூபாய். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஒரு மாத உச்சவரம்பு சும்மா போகிறது. அந்த மாதத்தில் காஸ் போன்ற வேறு கட்டணங்களை வைத்துக்கொண்டால் அதுவும் பயன்படும்.

ஏர்டெல் கார்டின் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 590. வருடத்துக்கு இரண்டு லட்சம் செலவு செய்தால் விட்டுவிடுவார்கள். அவ்வளவு செலவு அதில் செய்ய மாட்டீர்கள் என்றால் நிகர லாபம் 900 ரூபாய். அமேசான் பே கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால் அதில் வருடம் 400 கிடைக்கும். நடுவே இருக்கும் 500 ரூபாய்க்காக இன்னொரு கார்டு, இன்னொரு கடைசித் தேதி என்று வைத்துக்கொள்வது சரிதானா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் வீட்டில் ஏர்டெல் பிராட்பேண்டும் இருந்தால் மட்டும் வாங்குவேன், அந்த பில்லுக்கு 25 சதவீதம் கிடைப்பதால்.

மின் கட்டணத்துக்கு ஒரு சதவீத அபராதக் கட்டணம் என்று செய்தி வந்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ., எஸ்.பி.ஐ. மூன்றிலும் அது 50,000 ரூபாயைத் தாண்டிய சேவைக் கட்டணங்களுக்கு. ஐ.டி.எஃப்.சி. ஃபர்ஸ்டில் 20,000. வீட்டு பில் அந்தப் பக்கமே போகாது. ஆனால் கார்டின் ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்கும் விமான நிலைய லவுஞ்சுக்கும் கணக்கிடும் செலவில் மின் கட்டணம், வாலட் இரண்டையும் சேர்க்காத கார்டுகள் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ். மின்சாரக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் (நம் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு) 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. 2022இல் அறிவித்த கட்டணத்தின்படி மோட்டார் திறன் 30 கிலோவாட் வரை 1,780 ரூபாய், 30 முதல் 65 வரை 2,904, அதற்கு மேல் 6,712. இங்கே பலர் பேட்டரியின் அளவைப் போட்டுப் பார்த்துக் குழம்புகிறார்கள். கணக்கு மோட்டாரின் சக்திக்கு. உங்கள் காரின் பேட்டரி 46 என்றாலும் மோட்டார் நூறு கிலோவாட்டைத் தாண்டினால் 6,712தான். புதுக் காருக்கு இதை மூன்று வருடத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும்.

ஷோரூமில் ஆன்ரோடு விலைக்குள் இன்ஷூரன்ஸையும் சேர்த்துவிட்டால், கார்டில் தேய்க்கும்போது அது கார் விற்பனையாளர் கணக்கில் விழும். நீங்களே நிறுவனத்தின் இணையதளத்தில் கட்டினால் இன்ஷூரன்ஸ் என்று விழும். முதல் வழியில் டீலர் கார்டுக் கட்டணம் கேட்பார், இரண்டாவதில் கேட்க மாட்டார்கள். நிறைய கார்டுகள் இன்ஷூரன்ஸுக்குப் பாயின்ட் தருகின்றன, உச்சவரம்போடு. 2024 நவம்பர் முதல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தன் உயர்நிலைக் கார்டுகளுக்கு மாதம் 80,000 ரூபாய் வரை, மற்றவற்றுக்கு 40,000 வரை என்று வைத்தது. ஒரு காரின் பிரீமியம் இதற்குள் அடங்கிவிடும். எஸ்.பி.ஐ. கேஷ்பேக் கார்டு போன்றவற்றில் இன்ஷூரன்ஸுக்கு ஒன்றும் கிடையாது. பாயின்ட்டுக்காகப் பாலிசியைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் கொடுப்பார்களா, சார்ஜர் சேதமானால் உண்டா, தேய்மானம் கழிக்காமல் தருவார்களா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு டீலர்களிடம் விலை கேட்டாலே வரும் வித்தியாசம், ஒரு சதவீதப் பாயின்ட்டைவிடப் பல மடங்கு இருக்கும்.

மூன்றாவது கேள்வி, முன்பணம். ஒன்றரை லட்சத்தை ஷோரூமில் தேய்த்தால் டீலர்கள் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் கூடுதலாகக் கேட்பது வழக்கம். இரண்டு என்றால் 3,000 ரூபாய். எச்.டி.எஃப்.சி. ரெகாலியா கோல்டு மாதிரி, காலாண்டில் ஒன்றரை லட்சம் செலவுக்கு 1,500 ரூபாய் வவுச்சர் தரும் கார்டு இருந்தால்கூட பாதிதான் ஈடாகும், மீதியைப் பாயின்ட் ஈடுகட்டினால் சமமாகும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட இலக்குக்குக் கொஞ்சம்தான் பாக்கி, இந்த ஒரு ஸ்வைப்பில் தாண்டிவிடும் என்றால் மட்டும் செய்யுங்கள். டீலர் கூடுதல் கட்டணம் இல்லாமல் வாங்கினால் தாராளமாகத் தேயுங்கள், ஆனால் அதே பணத்தைப் பேங்க் மூலம் கட்டினால் தள்ளுபடி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. தயாரிப்பாளரின் இணையதளத்தில் கட்டும் 21,000 ரூபாய் போன்ற புக்கிங் தொகைக்குப் பொதுவாகக் கூடுதல் கட்டணம் இல்லை, அதைக் கார்டில் கட்டுவது நல்லது.

கடைசித் தேதிக்குள் முழுப் பணத்தையும் அடைக்க முடியாது என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். கார்டு வட்டி மாதத்துக்கே 3.5 முதல் 3.75 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. கார் கடன் வருடத்துக்கு வாங்கும் வட்டியை கார்டு மூன்றே மாதத்தில் வாங்கிவிடும். இ.எம்.ஐ.யாக மாற்றலாம் என்று போனில் கூப்பிடுவார்கள். மாற்றினால் பல கார்டுகளில் அந்தச் செலவுக்கான பாயின்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், செயலாக்கக் கட்டணமும் உண்டு.

பாயின்ட்டைவிடப் பெரிய ஒன்று இங்கே பலருக்குத் தவறிப்போகிறது. பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் வாங்கும்போது டீலர் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்கிறார். 15 லட்சம் ரூபாய்க் காருக்கு 15,000 ரூபாய். அது உங்கள் பான் எண்ணில் முன்கூட்டிக் கட்டிய வரியாக ஏறியிருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், கட்டவேண்டிய வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறவில்லை என்றால் டீலரை விடாதீர்கள்.

பழைய பெட்ரோல் கார்டை உடனே வெட்டிப் போட வேண்டியதில்லை. முதலில் சேர்ந்திருக்கும் பாயின்ட்டைப் பணமாக்கிக்கொள்ளுங்கள், கார்டை மூடினால் அவை போய்விடும். அந்தக் கார்டின் 499 ரூபாய் கட்டணம் வருடம் 50,000 ரூபாய் செலவுக்குத் தள்ளுபடி ஆகும், மளிகைக்கும் ஓட்டலுக்கும் 100 ரூபாய்க்கு ஐந்து பாயின்ட், அதாவது 1.25 சதவீதம் உண்டு. வீட்டில் ஸ்கூட்டர் இருந்து, மளிகைச் செலவும் அதில் போனால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் முன் மூடிவிடலாம். உங்களிடம் இருப்பதிலேயே பழைய கார்டு இதுதான் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், கடன் வரலாற்றின் வயது கிரெடிட் ஸ்கோரில் சேரும்.

ஃபாஸ்டேக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதை ரீசார்ஜ் செய்வதைப் பல கார்டுகள் வாலட் ஏற்றமாகவே பார்க்கின்றன, பாயின்ட்டை எதிர்பார்க்காதீர்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் கிடைக்கும் ஆண்டு பாஸை எடுங்கள். தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாய். அதை வைத்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளை 200 முறை கடக்கலாம், அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று போக ஆறு, வர ஆறு. வருடத்தில் ஆறு பயணம் என்றால் 72 முறை. ஒரு தடவைக்குச் சராசரி 60 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 4,320 ரூபாய். ஆயிரத்துக்கு மேல் மிச்சம், ஒரு பாயின்ட்டும் எண்ணாமல்.

கடைசியாக டயர். மின்சாரக் கார் பேட்டரியால் கனமானது, ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் முழு இழுவிசையும் சக்கரத்துக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்து டயரைச் சீக்கிரம் தேய்க்கின்றன. நான்கும் மாற்றினால் 35,000 ரூபாய்க்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வாலட்டும் இல்லை, எரிபொருளும் இல்லை, மின் கட்டணமும் இல்லை, சாதாரணக் கொள்முதல். ஆன்லைன் செலவுக்கு ஐந்து சதவீதம் தரும் எஸ்.பி.ஐ. கேஷ்பேக் கார்டில் இணையதளத்தில் கட்டினால் 1,750 ரூபாய், அந்த மாத உச்சவரம்பு மீதம் இருந்தால். வெளியில் நீங்கள் போடும் சார்ஜுக்கு நான்கு வருடத்தில் கிடைக்கக்கூடிய கேஷ்பேக் அது. கடையில் வாங்கி அவர்கள் மெஷினில் தேய்த்தால் அதே கார்டு ஒரு சதவீதம்தான் தரும். அதனால் டயருக்கு ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு, பொருத்துவதையும் அலைன்மென்ட்டையும் மட்டும் பக்கத்துக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் போடும் முன் காரின் எடைக்கேற்ற லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) உள்ள டயர்தானா என்று கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடும் கையேட்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.